துருப்பிடித்த போல்ட்டைக் கழற்றும் பக்குவம்

(வானொலியில் ஒலிபரப்பான பண்ணைப் பேச்சு)

விதை, உரம், பூச்சி மருந்து என்று பேசுகிறவன் இன்றைக்குப் போல்ட்டும் நட்டும் பேச வந்திருக்கிறேனே என்று நினைக்காதீர்கள். கிராமத்துக்குப் போனால் பயிரைப் பற்றிக் கேட்பதற்குச் சமமாக இப்போது இன்னொரு கேள்வியும் வருகிறது. "சார், பழைய ஜீப் ஒண்ணு வாங்கிப் போட்டிருக்கேன். பிரிச்சு வேலை பார்க்கலாம்னா ஒரு நட்டு கூட அசைய மாட்டேங்குது. என்ன பண்றது?" என்கிறார்கள். அதற்குத்தான் இந்தப் பேச்சு.

ஜீப்புக்கும் விவசாயத்துக்கும் உள்ள உறவு உங்களுக்குத் தெரியாததல்ல. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்காக வில்லிஸ் கம்பெனி செய்த வண்டி அது. 1940களின் இறுதியில் மகிந்திரா கம்பெனியார் நம் நாட்டில் அதைப் பூட்ட ஆரம்பித்தார்கள். பிறகு இங்கேயே செய்தார்கள். போடி, தேவாரம், கம்பம் பக்கத்திலிருந்து இடுக்கி மலை ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிப் போவது ஜீப்புதான். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி என்பதால் சேற்றிலும் ஏற்றத்திலும் அதற்கு ஒரு தனி மரியாதை. அரசாங்க இலாகாக்கள் கழித்து ஏலம் விட்ட ஜீப்புகளும் தோட்டத்து மூலையில் கிடந்த ஜீப்புகளும் இன்றைக்குப் பல வீட்டு வாசலில் மறுபிறவி எடுத்துக்கொண்டிருக்கின்றன. செய்யட்டும், நல்ல காரியம்தான். ஆனால் முப்பது நாற்பது வருஷம் மழையிலும் வெயிலிலும் நின்ற வண்டியில் கை வைக்குமுன் போல்ட் கழற்றும் பக்குவம் தெரிந்திருக்க வேண்டும். நான் சொல்வதெல்லாம் ஜீப்புக்கு மட்டும் அல்ல. உங்கள் டிராக்டர், கொத்துக்கலப்பை, மோட்டார் பம்பு எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

முதலில் போல்ட் ஏன் பிடித்துக்கொள்கிறது என்று பார்ப்போம். இரும்பு ஈரத்தோடும் காற்றோடும் சேர்ந்தால் துருவாக மாறுகிறது. அப்படி மாறும்போது அது பழைய அளவில் இருப்பதில்லை; இரும்பு இருந்த இடத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தை அடைத்துக்கொள்கிறது. நட்டின் மரைக்கும் போல்ட்டின் மரைக்கும் நடுவே இருக்கும் சந்து தலைமுடி கனம்தான் இருக்கும். அந்தச் சந்துக்குள் துரு வீங்கினால் என்ன ஆகும்? ஆப்பு அடித்ததுபோல் இறுகிவிடும். உர மூட்டை ஏற்றிய வண்டியாக இருந்தால் இன்னும் மோசம். நாம் வயலில் போடும் பொட்டாஷ் உரம் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்புக்குச் சகோதரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு இரும்பை அரித்துவிடும். உரம் ஏற்றிய டிரெய்லரையும் உரம் தூவும் கருவியையும் அன்றைக்கே கழுவி வைக்கச் சொல்வது இதனால்தான்.

பிடித்துக்கொண்ட நட்டைப் பார்த்ததும் நம் ஆட்கள் செய்வது என்ன? ஸ்பேனர் பிடியில் ஒரு மூன்றடிப் பைப்பைச் செருகி ஏறி நின்றுவிடுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரண நல்ல ரகப் போல்ட், 10 மி.மீ. கனம் உள்ளது. அதை இறுக்க வேண்டிய முறுக்கு ஏறக்குறைய 5 கிலோகிராம் மீட்டர். அறுபது கிலோ எடையுள்ள ஆள் ஓரடி நீள ஸ்பேனரின் நுனியில் ஏறி நின்றால் பதினெட்டு. பைப்பைப் போட்டால் ஐம்பதைத் தாண்டும். அந்தப் போல்ட் இதையெல்லாம் தாங்குமா? தலை துண்டாகிவிடும். தலை போனால் பரவாயில்லை, மீதி உள்ளே நிற்குமே, அதுதான் கஷ்டம். ஐந்து நிமிஷ வேலை இரண்டு நாள் வேலையாகிவிடும்.

முதலில் ஸ்பேனர்

பழைய ஜீப் அமெரிக்க அளவில் செய்த வண்டி. அதில் பெரும்பாலான நட்டு போல்ட்டுகள் அங்குல அளவு. 7/16, 1/2, 9/16, 3/4 அங்குல ஸ்பேனர்கள் தேவைப்படும். இன்றைக்கு எல்லார் வீட்டிலும் இருப்பது மில்லிமீட்டர் ஸ்பேனர். அரை அங்குலம் என்றால் 12.7 மி.மீ. அதில் 13 நம்பர் ஸ்பேனரை மாட்டினால் போகும், ஆனால் லூசாக இருக்கும். புது நட்டாக இருந்தால் சமாளிக்கலாம். துருவில் தேய்ந்த நட்டு என்றால் ஆறு முனையும் மழுங்கி உருண்டையாகிவிடும். 9/16 என்பது 14.3 மி.மீ. அதற்கு 14 போகாது, 15 ஆடும். முக்கால் அங்குலத்துக்கு மட்டும் 19 சரியாகப் பொருந்தும். ஆகவே ஜீப் வாங்குகிறவர் அங்குல ஸ்பேனர் செட் ஒன்று தனியாக வாங்கிவிட வேண்டியதுதான். இதில் சிக்கனம் பார்த்தால் பின்னால் அதைப்போல் பல மடங்கு கைவிட்டுப் போகும்.

இரண்டு வாய் ஸ்பேனரைப் பிடித்துப்போன நட்டில் போடாதீர்கள். அது இரண்டு பக்கத்தை மட்டுமே பிடிக்கும். ரிங் ஸ்பேனர் அல்லது சாக்கெட் போடுங்கள். சாக்கெட்டிலும் ஆறு முனை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பன்னிரண்டு முனை உள்ளது மாட்டச் சுலபம், மழுங்க அடிக்கவும் சுலபம். நட்டின் மேல் இருக்கும் மண்ணையும் பெயிண்டையும் கம்பி பிரஷ்ஷால் சுரண்டிவிட்டு, சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி அடிவரை உட்கார வையுங்கள்.

இன்னொரு சங்கதி. இது தெரியாமல் பலர் ஏமாந்திருக்கிறார்கள். எல்லா நட்டும் இடப்பக்கம் திருகினால் கழன்றுவிடாது. போர்க்கால வில்லிஸ் ஜீப்பிலும் அதை ஒட்டி வந்த பழைய ஜீப்புகளிலும் இடது பக்கச் சக்கர நட்டுகள் எதிர் மரை. அவற்றை வலப்பக்கம் திருகினால்தான் தளரும். சக்கரம் சுழலும் திசையில் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்தார்கள். ஸ்பிரிங் பட்டையைத் தொங்கவிடும் ஷாக்கிள்களிலும் சிலவற்றில் எதிர் மரை உண்டு. சக்கரப் போல்ட்டின் நுனியைத் துடைத்துப் பார்த்தால் எதிர் மரைக்கு ஆங்கில எழுத்து 'எல்' போட்டிருக்கும். ஆள் மாற்றி ஆள் பைப் போட்டு, பிடிக்காத நட்டை இன்னும் இறுக்கிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். வெளியே நீட்டியிருக்கும் மரையைக் கண்ணால் பார்த்தாலே எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும். அந்த ஒரு நிமிஷத்தைச் செலவு பண்ணுங்கள்.

எண்ணெயும் பொறுமையும்

அடுத்தது எண்ணெய். கடையில் ஸ்பிரே டப்பாவில் துரு இளக்கும் எண்ணெய் விற்கிறார்கள். வசதி உள்ளவர்கள் அதை வாங்கலாம். இல்லையென்றால் டீசலோடு கொஞ்சம் கியர் ஆயில் கலந்து பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் கடையில் கிடைக்கும் அசிட்டோனையும் பவர் ஸ்டீயரிங் ஆயிலையும் சமபாகம் கலந்து ஊற்றுகிற மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். நல்ல கலவைதான், கம்பியிழை மாதிரி உள்ளே இறங்கும். ஆனால் அசிட்டோன் பெட்ரோலைப்போல் பற்றிக்கொள்ளும். பெயிண்டையும் கரைத்துவிடும். பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் அதன் பக்கம் போகவேண்டாம்.

எந்த எண்ணெயாக இருந்தாலும் ஊற்றிய கையோடு ஸ்பேனரைப் போடக் கூடாது. எண்ணெய் மரைக்குள் ஊறி இறங்க நேரம் வேண்டும். இன்று மாலை ஊற்றுங்கள். இரவு படுக்கப் போகுமுன் ஒரு தடவை, காலையில் எழுந்ததும் ஒரு தடவை. நாலு நாள் இப்படிச் செய்தாலும் நஷ்டமில்லை. ஒவ்வொரு தடவை ஊற்றிய பிறகும் போல்ட் தலையில் சுத்தியலால் நேர் குத்தாக ஏழெட்டு அடி தட்டுங்கள். பலமாக அல்ல, சுருக் சுருக்கென்று. அந்த அதிர்ச்சியில் துருவில் சின்னச் சின்ன வெடிப்பு விழும். எண்ணெய் போக வழி கிடைக்கும். நீட்டிய மரையின் நுனியில் மட்டும் நேராக அடிக்காதீர்கள். அது பூப்போல் விரிந்துவிட்டால் நட்டு வெளியே வராது. ஒரு பழைய நட்டை நுனியோடு நுனியாக மாட்டிவிட்டு அதன் மேல் அடிக்கலாம்.

அதன் பிறகு திருப்பிப் பாருங்கள். முதலில் தளர்த்த முயலாதீர்கள். கால் வட்டத்தில் பத்தில் ஒரு பங்கு இறுக்கிப் பாருங்கள். வேடிக்கையாக இருக்கும், ஆனால் துருவின் பிடி உடைய அது போதும். லேசாக அசைந்ததும் தளர்த்துங்கள். கொஞ்சம் வந்ததும் நின்றுவிட்டால் பலவந்தம் வேண்டாம். மறுபடி உள்ளே திருப்பி, எண்ணெய் விட்டு, வெளியே. கமலை மாடு மாதிரி போவதும் வருவதுமாக இருக்க வேண்டும். கையில் ஒரு விதமான பஞ்சு போன்ற உணர்வு வரும். ஸ்பேனர் திரும்புகிறது, ஆனால் நட்டு கழலுவதுபோல் இல்லை. அது போல்ட் முறுக்கிக்கொள்கிறது என்பதற்கு அடையாளம். அந்த நிமிஷமே நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் அரை அங்குலம் இழுத்தாலும் துண்டுதான்.

வண்டியிலிருந்து கழற்றி வெளியே எடுத்த சாமான், அதாவது கீல், கொக்கி, பிராக்கெட் மாதிரி உள்ளவை, போல்ட்டோடு சேர்ந்து துருப்பிடித்திருந்தால் இன்னொரு வழி உண்டு. சர்க்கரை ஆலையில் கழிவாக வரும் மொலாசஸ் உங்களில் கரும்பு விவசாயிகளுக்குத் தெரியும், மாட்டுத் தீவனத்தில் சேர்ப்போமே அதுதான். ஒரு பங்கு மொலாசஸுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பிளாஸ்டிக் டிரம்மில் ஊற்றி அதில் சாமானைப் போட்டு வையுங்கள். இரண்டு வாரம் ஆகும், சிலதுக்கு மூன்று வாரம். துரு மட்டும் கரைந்து இரும்பு நிற்கும். நாற்றம் தாங்காது; வீட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், வீட்டம்மாவிடம் திட்டு வாங்க வேண்டியிருக்கும். அலுமினியச் சாமானை அதில் போடக் கூடாது, அரித்துவிடும். எடுத்தவுடன் நன்றாகக் கழுவி, வெயிலில் காயவைத்து, அன்றே எண்ணெய் பூசிவிட வேண்டும். இல்லாவிட்டால் பொழுது விடிவதற்குள் திரும்பத் துரு ஏறிவிடும்.

இந்த இடத்தில் என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்லாப் போல்ட்டையும் காப்பாற்ற வேண்டும் என்று அவசியமில்லை. பாடி போல்ட், மட்கார்டு போல்ட் எல்லாம் சில ரூபாய்ச் சாமான். அவற்றோடு இரண்டு நாள் மல்லுக்கு நிற்பதில் அர்த்தமில்லை. நட்டின் பக்கவாட்டில் உளியை வைத்து இரண்டு அடி போட்டுப் பிளந்துவிடுங்கள், இல்லை கிரைண்டரால் அறுத்துவிடுங்கள். கண்ணாடி போடாமல் கிரைண்டரைத் தொடவேண்டாம். கண்ணில் இரும்புப் பொறி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களை நாம் பார்க்காமல் இல்லை. இயந்திரத்துக்குள், கேசிங்குக்குள், அச்சுக்குள் போகும் போல்ட்டுதான் பாடுபட்டுக் காப்பாற்ற வேண்டியது.

நெருப்பு

எண்ணெய்க்கு மசியாததை நெருப்பு மசியவைக்கும். கொல்லன் பட்டறையில் வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். இரும்பு வளையத்தைக் காய்ச்சி மாட்டி, தண்ணீர் ஊற்றினால் இறுகிக்கொள்ளும். அதே சூத்திரம்தான் இங்கே. ஒரு மீட்டர் இரும்புக் கம்பி 100 டிகிரி சூடேறினால் 1.2 மி.மீ. நீளும். 12 மி.மீ. துளை உள்ள நட்டை 300 டிகிரி சூடேற்றினால் துளை 0.04 மி.மீ. அளவுக்கு விரியும். ஒரு முடியின் கனத்தில் பாதி. துருவின் பிடி உடைய அதுவே தாராளம்.

சூட்சுமம் என்னவென்றால், நட்டைத்தான் காய்ச்ச வேண்டும், போல்ட்டை அல்ல. போல்ட்டையும் சேர்த்துக் காய்ச்சினால் அதுவும் விரிந்துகொள்ளும். வேலை கெட்டது. கேஸ் வெல்டிங் சுடரை நட்டின் பக்கங்களில் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். மங்கிய சிவப்பு வந்தவுடன் எடுத்துவிட்டு ஸ்பேனரைப் போட்டுத் திருப்புங்கள். சிலர் சூடான மரையில் மெழுகுவர்த்தியைத் தேய்ப்பார்கள். உருகிய மெழுகு உறிஞ்சுதாளில் மை ஏறுவதுபோல் சந்துக்குள் ஓடும். நல்ல வித்தை, நான் பல பட்டறைகளில் பார்த்தது. ஒரே தடவையில் வராவிட்டால் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு மறுபடி காய்ச்சுங்கள். காய்ச்சி ஆறுவதிலேயே துரு உடையும். வார்ப்பு இரும்பில், அதாவது எஞ்சின் பிளாக்கில், சூட்டோடு தண்ணீர் ஊற்றவே கூடாது. வெடித்துவிடும். அலுமினிய உறை என்றால் சிவப்பு நிறத்துக்குக் காத்திருக்காதீர்கள். அலுமினியம் சிவக்காமலேயே 660 டிகிரியில் உருகிச் சொட்டிவிடும். காய்ச்சிய போல்ட்டையும் நட்டையும் திரும்ப மாட்ட வேண்டாம். அதன் உறுதி போயிருக்கும்.

இப்போது சொல்வதைத் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். நெருப்பு காட்டக் கூடாத இடங்கள் உண்டு.

பழைய ஜீப்பில் பெட்ரோல் டாங்கி இருப்பது டிரைவர் சீட்டுக்கு அடியில். சீட் போல்ட்டுக்கும் அதற்குப் பக்கத்துத் தரைப் போல்ட்டுக்கும் சுடர் காட்டுவதென்றால் டாங்கியைக் கழற்றி வேறிடத்தில் வைத்துவிட்டுத்தான். "பெட்ரோல் காலி சார், ஒண்ணும் இல்லை" என்பார்கள். நிறைந்த டாங்கியைவிடக் காலி டாங்கிதான் ஆபத்து. பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும் இடம் அது. எண்ணெயில் ஊறிய துணி, அசிட்டோன் பாட்டில் எதுவும் பத்தடிக்குள் இருக்கக் கூடாது. பாட்டரியைக் கழற்றி வெளியே வையுங்கள், அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். ஷாக் அப்ஸார்பரைக் காய்ச்சினால் உள்ளே அடைபட்ட எண்ணெயும் வாயுவும் வெடிக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது டயர். ரிம் ஹப்பில் பிடித்துக்கொண்டது என்றோ, சக்கர நட்டு வரவில்லை என்றோ டயர் மாட்டியபடியே ரிம்மில் கேஸ் காட்டுகிறார்கள், வெல்டிங் வைக்கிறார்கள். டயருக்குள் ரப்பர் வெந்து வாயு கிளம்பும். டயர் குண்டுபோல் வெடிக்கும். டிராக்டர் பெரிய டயரானால் பக்கத்தில் நின்றவர் பிழைப்பது கஷ்டம். காற்றை இறக்கிவிட்டேன் என்பது போதாது. டயரை ரிம்மிலிருந்து முழுக்கக் கழற்றிய பிறகுதான் சுடர். போர்க்கால ஜீப்புகள் சிலவற்றில் ரிம்மே இரண்டு துண்டாக இருக்கும், சுற்றிலும் நட்டு போட்டுப் பிணைத்திருப்பார்கள். காற்றோடு அந்த நட்டுகளைக் கழற்றினால் பாதி ரிம் முகத்தில் வந்து அடிக்கும். எந்த நட்டு சக்கரத்தை ஹப்பில் பிடிக்கிறது, எது ரிம்மை இணைக்கிறது என்று தெரிந்துகொண்டு, வால்வு ஊசியைப் பிடுங்கிக் காற்று முழுவதும் போனதை உறுதி பண்ணிவிட்டுத் தொடுங்கள்.

அதேபோல் வண்டிக்கு அடியில் படுத்துத் திருகும்போது ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். நாம் ஸ்பேனரை இழுக்கிற இழுப்பில் வண்டி அசையும். கனமான மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி முட்டுக் கொடுங்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் முட்டுக் கொடுக்க லாயக்கில்லை, திடீரென்று நொறுங்கும்.

முறிந்துவிட்டால்

எவ்வளவு பார்த்துச் செய்தாலும் சில போல்ட் முறியத்தான் செய்யும். ஜீப்பில் அதிகம் முறிவது புகைக்குழாய் மேனிஃபோல்டை எஞ்சினில் பிடிக்கும் ஸ்டட்டுகள். தினமும் சிவக்கச் சூடாகி ஆறி ஆறி அவை நைந்திருக்கும். ஹரிக்கேன் எஞ்சின் வைத்த பெட்ரோல் ஜீப்பில் எக்ஸாஸ்ட் வால்வுகள் பிளாக்கிலேயே இருப்பதால் அந்த மேனிஃபோல்டும் பிளாக்கில்தான் மாட்டியிருக்கும். துண்டு நிற்பது எஞ்சின் பிளாக்கில். ஹெட்டாக இருந்தால் கழற்றி லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். பிளாக்கைக் கெடுத்துவிட்டால் எஞ்சினையே இறக்க வேண்டும். ஆகவே இங்கே அவசரம் ஆகாது.

துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதிர்ஷ்டம். இரண்டு நட்டை அதில் ஏற்றி ஒன்றோடொன்று இறுக்கிப் பூட்டி, உள்பக்க நட்டில் ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினால் வந்துவிடும். அதற்கு இடமில்லை என்றால் பைப் ரெஞ்சு. அதற்கும் மசியவில்லை என்றாலோ, துண்டு பிளாக்கின் முகத்தோடு சமமாக முறிந்திருந்தாலோ, எனக்குப் பிடித்த முறை வெல்டிங்தான். துண்டின் மேல் ஒரு வாஷரை வைத்து, வாஷர் துளை வழியாகத் துண்டோடு சேர்த்து ஆர்க் வெல்டிங் வையுங்கள். அதன் மேல் ஒரு நட்டை வைத்து உள்பக்கம் நிரப்பிப் பற்றவையுங்கள். பிளாக் வார்ப்பு இரும்பானதால் வெல்டிங் அதில் எளிதில் ஒட்டாது, போல்ட் துண்டில் ஒட்டும். இதில் இரண்டு லாபம். பிடித்துத் திருப்ப ஒரு புது நட்டு கிடைத்தது. வெல்டிங் சூடு நேராகத் துண்டுக்குள் இறங்கித் துருவையும் உடைத்தது. சிவப்பு மறையும் வரை ஆறவிட்டு, மெழுகைக் காட்டி, முன்னும் பின்னுமாக அசைத்துப் பாருங்கள். முதல் தடவை நட்டு பிய்த்துக்கொண்டு வரலாம், மறுபடி வையுங்கள். நாலு தடவை ஆனாலும் துளைபோடுவதைவிட இது மேல். வெல்டிங் வைக்குமுன் பாட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, எர்த் கிளிப்பை வேலை நடக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள்.

வெல்டிங்குக்கு வழியில்லை என்றால்தான் துளை போட வேண்டும். இதில் வெற்றி தோல்வி முழுவதும் நடுப்புள்ளியில் இருக்கிறது. முறிந்த முகம் மேடு பள்ளமாக இருக்கும். அரத்தால் ராவிச் சமப்படுத்துங்கள். சரியான நடுவைப் பார்த்து சென்டர் பஞ்ச் அடியுங்கள். ஒரு பக்கம் தள்ளி விழுந்துவிட்டால் பஞ்சைச் சாய்த்து அடித்து நடுவுக்குக் கொண்டுவரலாம், அதுவரை டிரில்லைக் கையில் எடுக்க வேண்டாம். நடு தவறித் துளை ஓடிவிட்டால் டிரில் பிட் கடினமான போல்ட்டை விட்டுவிட்டு மெத்தென்ற வார்ப்பு இரும்பைத் தின்ன ஆரம்பித்துவிடும். இதற்கு ஒரு நல்ல உபாயம் உண்டு. மேனிஃபோல்டையே திரும்ப வைத்து, நல்ல ஸ்டட்டுகளில் இறுக்கிவிடுங்கள். முறிந்த ஸ்டட்டின் துளைக்குள் போகிற அளவுக்கு லேத்தில் ஒரு புஷ் கடைந்து, நடுவில் 3 மி.மீ. துளை வைத்து அதைச் செருகுங்கள். அந்தப் புஷ் வழியாக டிரில் போட்டால் தானாக நடுவில் இறங்கும்.

டிரில்லை மெதுவான வேகத்தில் ஓட்டி, நன்றாக அழுத்தி, எண்ணெய் விட்டு விட்டுச் செய்யுங்கள். முதலில் 3 மி.மீ., பிறகு 5, பிறகு அடுத்தது. எதிர்ப்பக்கம் சுழலும் டிரில் பிட் கிடைத்தால் அதைப் போடுங்கள். பல தடவை துளை போடும்போதே துண்டு அதோடு சேர்ந்து திரும்பி வந்துவிடும். 10 மி.மீ. போல்ட் 1.5 பிட்ச் என்றால் 8.5 மி.மீ. வரை போகலாம், 8 மி.மீ. போல்ட் 1.25 பிட்ச்சுக்கு 6.8, 12 மி.மீ. போல்ட் 1.75 பிட்ச்சுக்கு 10.2. ஜீப்பில் 3/8 அங்குலம் பெருமரை என்றால் 5/16 அங்குல டிரில். அந்த அளவுக்கு வந்ததும் பழைய போல்ட்டின் மரை மட்டும் கம்பிச்சுருள் மாதிரி ஓரத்தில் நிற்கும். ஊசி உளியால் நெம்பி எடுத்துவிட்டு, அதே மரை டேப்பைப் போட்டுச் சுத்தம் செய்தால் பழைய மரை அப்படியே கிடைக்கும். மரை கெட்டுப்போனாலும் பயப்படாதீர்கள். கொஞ்சம் பெரிதாகத் துளைபோட்டு உள்ளே எஃகுச் சுருள் மரை பொருத்துகிறார்கள். டிராக்டர் ரிப்பேர் செய்யும் நல்ல பட்டறைகளில் அது நடக்கிறது.

ஈஸி அவுட் என்று ஒரு சாமான் விற்கிறார்கள். துளைக்குள் இடப்பக்கமாகத் திருகினால் துண்டைக் கவ்விக்கொண்டு வரும் என்பார்கள். பெயரில்தான் சுலபம். எண்ணெயிலும் சூட்டிலும் ஏற்கெனவே இளகிய துண்டுக்கு அது சரி. இறுகிப்போன துண்டில் போட்டு முறுக்கினால் அதுவே உள்ளே முறிந்துகொள்ளும். அது கடினமான எஃகு. சாதாரண டிரில் பிட் அதன் மேல் வழுக்கிக்கொண்டுதான் போகும். தேவாரம் பக்கத்தில் ஒரு விவசாயி, "ஒரு போல்ட்டைக் கழட்டப்போய் உள்ளே ரெண்டு துண்டு ஆயிப்போச்சு சார்" என்று வந்து நின்றார். "அண்ணே, இனிமே அதைத் தொடாதீங்க, நேரா நல்ல பட்டறைக்குக் கொண்டுபோங்க" என்று சொல்லி அனுப்பினேன். எஞ்சினை இறக்கித்தான் எடுத்தார்கள். ஏலத் தோட்டத்தில் காய் பறிக்கும் பருவம் அது. வண்டி மூன்று வாரம் நின்றது, வாடகை வண்டிக்குக் கொடுத்தது தனி.

திரும்ப மாட்டும்போது

கழற்றிய துளைகளின் மரையைச் சுத்தம் செய்ய டேப் இல்லை என்றால், அதே அளவு நல்ல போல்ட் ஒன்றை எடுத்து அதன் மரையில் நீளவாக்கில் இரண்டு மூன்று இடத்தில் ஹாக்ஸா பிளேடால் கீறல் போடுங்கள். எண்ணெய் விட்டு உள்ளே திருகி வெளியே எடுத்தால் துரு எல்லாம் அந்தக் கீறலில் சேர்ந்து வந்துவிடும்.

புது போல்ட் வாங்கும்போது தலையைப் பாருங்கள். மில்லிமீட்டர் போல்ட்டில் 8.8, 10.9 என்று எண் இருக்கும். எண் கூடினால் உறுதி கூடும். அங்குல போல்ட்டில் எண்ணுக்குப் பதில் கோடு போட்டிருப்பார்கள், மூன்று கோடு நல்ல ரகம், ஆறு கோடு அதைவிட உயர்ந்தது. ஒன்றுமே இல்லாத போல்ட்டை ஸ்டீயரிங், பிரேக், ஸ்பிரிங் பட்டை பக்கம் கொண்டுபோகாதீர்கள். மேனிஃபோல்டுக்குப் பித்தளை நட்டு போடுங்கள். பித்தளை துருப்பிடிக்காது, அடுத்த தடவை தானாகக் கழன்றுவரும். சூடான இடங்களுக்குத் தாமிரப் பொடி கலந்த பசை கிடைக்கிறது. மற்ற இடங்களுக்குச் சாதாரண கிரீஸ் போதும், மரையில் மெல்லிசாகத் தடவி மாட்டுங்கள். கலப்பைக் கொழுப் போல்ட்டுகளுக்கும் இதைச் செய்து பாருங்கள், கொழு மாற்றுகிற அன்றைக்கு அருமை தெரியும்.

சக்கர நட்டுக்கு மட்டும் கிரீஸ் வேண்டாம். எண்ணெய்ப் பசை இருந்தால் நாம் இறுக்கும் அதே பலத்தில் நட்டு அளவுக்கு மீறி இறுகி, போல்ட் நீண்டுவிடும். கம்பி பிரஷ்ஷால் துடைத்துவிட்டுக் காய்ந்த மரையிலேயே மாட்டுங்கள், எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் எல்லாச் சக்கர நட்டையும் ஒரு தடவை சரிபாருங்கள். மேனிஃபோல்டு நட்டுகளை எஞ்சின் சூடாகி முழுக்க ஆறிய பிறகு மறுபடி இறுக்குங்கள்.